மூட்டை தூக்கும் பல்லக்கா

பல் தேய்க்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் வைத்து அறுத்துக்கொண்டிருக்கிறார் பல்லக்கா. தொழிலுக்கு வைத்திருக்கும் மெல்லிய ரம்பம். இரண்டு இழுப்பில் துண்டு கீழே விழுகிறது. "வாய்க்குள்ள போறது ரெண்டு அங்குலம். மிச்சத்த எதுக்கு மலை மேல தூக்கிட்டுப் போகணும்?" என்கிறார். துவாலையையும் பாதியாக வெட்டியாயிற்று. சட்டைக் காலரில் தைத்திருந்த துணிப் பட்டைகள், சோப்பின் அட்டைப்பெட்டி, பயணப் புத்தகத்தில் அவர் போகாத ஊர்களின் பக்கங்கள் எல்லாம் கத்தரிக்கப்பட்டு மேசையில் குவிந்து கிடக்கின்றன. ஆறு வாரப் பயணத்துக்கு அவருடைய முதுகுப் பை ஆறு கிலோவைத் தாண்டாது. தாண்டினால் மருந்துச்சீட்டைத் தவிர எதை வேண்டுமானாலும் வெளியே எடுத்து எறிவார்.

வயது ஐம்பத்து மூன்று. பல்செட் செய்வது தொழில். பல் டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் பட்டறையில் உட்கார்ந்து மெழுகில் ஈறு கட்டி, பல் பதித்து, பளபளப்பு ஏற்றித் திருப்பி அனுப்புவார். பட்டறையில் ஆரம்பித்த பெயர்தான் பல்லக்கா. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. "பல்லக்குல போக வேண்டிய வயசுல பல்லக்கா மூட்டை தூக்கறா" என்று அவருடைய அண்ணன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். தங்கை கிளம்பும் நாளில் மட்டும் அந்தச் சிரிப்பு இருக்காது. செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். அண்ணிதான் வாசல்வரை வந்து, இரண்டு தடவை மூக்கை உறிஞ்சி, "போய் சேந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடு" என்று அனுப்பிவைப்பார்.

எப்படி இந்தப் பழக்கம் வந்தது என்று கேட்டால் பல்லக்கா நீட்டி முழக்குவதில்லை. "முப்பத்தொரு வருஷமா எத்தனையோ வாய்க்குப் பல்லு கட்டியிருக்கேன். ஒரு வாயக்கூட பாத்ததில்ல. அச்சு வரும், மேல ஒரு நம்பர் இருக்கும். பல்லு செஞ்சா கிளம்பிப் போயிடும். அந்த மனுஷன் குட்டையா நெட்டையா, சிடுமூஞ்சியா, ஒண்ணும் தெரியாது. ஒருநாள் உக்காந்து யோசிச்சேன். ஆளுங்களப் பாக்கணும்போல இருந்துது. கிளம்பிட்டேன்." முதல் தடவை கிளம்பியபோது வயது நாற்பத்தேழு. அதற்குமுன் தனியாகத் தூரப் பேருந்தில்கூட ஏறியதில்லை.

நான் பக்கத்து வீட்டுக்காரி, பத்திரிகைக்கு எழுதுகிறவள். போன வருடம் நானும் வரட்டுமா என்று கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "கூட வரலாம். கூடவே வரக்கூடாது." அதன் பொருள் முதலில் தங்கிய மலைநகரத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றுதான் புரிந்தது. எட்டுப் படுக்கை போட்ட மலிவு விடுதியில் தனக்குக் கீழ்க்கட்டில், எனக்கு மேல்கட்டில் என்று பிடித்துக் கொடுத்தவர், "சாயங்காலம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். அந்த உயரத்தில் நான்கு படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கியது. அவருக்கும் வாங்கியது, ஆனால் மூச்சு வாங்க நிற்கும் இடமெல்லாம் யாராவது ஒருவரிடம் பேச்சுக் கொடுத்துவிடுவார். செருப்பு தைக்கிறவர், பள்ளிக்கூட வாசலில் காத்திருக்கும் அம்மாக்கள், சந்தையில் கம்பளி விற்கிற பெண். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்ப்பார். "அந்தக் கம்பளிக்காரிக்குக் கடவாப் பல்லு ரெண்டும் இல்ல. அதான் இடது பக்கமாவே சிரிக்கறா" என்று வந்து சொல்வார். விடுதியில் எங்களோடு தங்கியிருந்த இளம் பயணிகளுக்கு அவர் துணி துவைக்கும் விதம் பெரிய அதிசயம். மாற்றுடை ஒன்றுதான். துவைத்ததைத் துவாலைக்குள் வைத்துச் சுருட்டி, அதன்மேல் ஏறி நின்று மிதிப்பார். மறுநாள் காலையில் காய்ந்திருக்கும்.

அந்தப் பயணத்தில் அவர் பார்க்க விரும்பியது ஒன்றே ஒன்று. மலை உச்சியில் பாழடைந்து கிடக்கும் பழைய நகரம். பதினோரு வருடத்துக்குமுன் ஒரு டாக்டரின் கிளினிக்கில் கிடந்த பழைய பத்திரிகையில் அதன் சுவரைப் படமாகப் பார்த்திருக்கிறார். சாந்து இல்லாமல் கல்லோடு கல் பொருத்திய சுவர். யாரும் பார்க்காத நேரத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டார். "என் ஆயுசுலயே நான் செஞ்ச ஒரே திருட்டு" என்பார். அந்த இடுக்கில் நகத்தை வைத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. மேலே போக ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. நாளும் மணியும் அச்சடித்த அனுமதிச் சீட்டை நான்கு மாதத்துக்கு முன்பே வாங்கிவைத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை ஏழரை. தவறினால் அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து. காட்டுக்கு இறங்கும் பேருந்தோ சனிக்கிழமை. அதை விட்டால் மற்ற ஊர்களுக்கு நாள் போதாது.

வியாழக்கிழமை மதியம் மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் அறை எடுத்தோம். வீட்டுக்கார அம்மா கலகலப்பானவர். சூப்பும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முற்றத்தில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர், கழுத்துத் துணியை மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன்தான். மேல முப்பது வருஷம் கைடா இருந்தவர். இவர் கதை சொன்னா கூட்டம் இறங்கி வராது. நாலு மாசமா பேச்சே இல்ல. தொண்டை போச்சுன்னு சீட்டுல எழுதிக் காட்டறார். டாக்டர்கிட்ட வான்னா வரமாட்டேங்கறார். சாப்பாட்டக்கூட ரூமுக்குள்ள எடுத்துட்டுப் போய்தான் சாப்பிடறார்."

பல்லக்கா சூப்பை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கார அம்மா அடுப்படிக்குப் போனதும் எழுந்து முற்றத்துக்குப் போனார். நானும் வாசல்படிவரை போனேன். கைடு பெருக்குவதை நிறுத்தி, தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார்.

பல்லக்கா கல்மேடையில் கிடந்த ஒரு தட்டை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். இரண்டு விரலை வாய்க்குள் விட்டு, தன் முன்பற்கள் இரண்டையும் கழற்றி அந்தத் தட்டில் வைத்தார். ஆறு வருடம் பக்கத்து வீட்டில் இருந்தும் அவை கட்டுப்பல் என்று எனக்குத் தெரியாது.

"இது நானே செஞ்சது," என்றார். ஓட்டை வாயில் காற்று புகுந்து சொல் குழறியது. "உங்களோடத காட்டுங்க."

அந்த மனிதர் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், கைக்குட்டையில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து பிரித்தார். மேல்வரிசைப் பல்செட், நடுவில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கடையில் விற்கும் பசையால் ஒட்டிப் பார்த்து, அது கோணலாகப் பிடித்து, மறுபடி விட்டுப்போயிருந்தது.

நடந்ததை அவரே சொன்னார். மேலே ஈறு மட்டுமே இருந்த வாயில் சொற்கள் நசுங்கி வந்தன; பாதியை நாங்கள் ஊகித்துக்கொண்டோம். கோட்டைப் படியில் நின்று, தோற்ற அரசன் கடைசியாகத் தன் ஆட்களிடம் பேசும் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அரசனாகவே குரலை உயர்த்தியபோது பல்செட் பிளந்து ஒரு பாதி தெறித்துப் படியில் உருண்டது. கூட்டம் சிரித்தது. சிலர் போனில் படம்கூடப் பிடித்தார்கள். அவர் குனிந்து அதைப் பொறுக்கிக்கொண்டு கீழே இறங்கினார். அதோடு சரி. பல் டாக்டரிடம் போக வேண்டுமானால் ஒரு நாள் பஸ் பயணம். அங்கே வாயைத் திறக்க வேண்டும், எப்படி உடைந்தது என்று சொல்ல வேண்டும். சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

பல்லக்கா உடைந்த இரண்டு பாதிகளையும் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை நல்ல வேலைதான். செஞ்சவன் மேல தப்பில்ல. பழசாயிடுச்சு," என்றார். தன் கட்டுப்பல் உடைந்தால் சரிசெய்துகொள்ள, மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஈறு நிறத் தூளும் அதைக் கரைக்கும் திரவமும் எப்போதும் வைத்திருப்பார். அது போதும். ஆனால் துண்டுகளை அசையாமல் பிடித்துவைக்க பிளாஸ்டர் மாவு வேண்டும். தெருக்கோடியில் இருந்த சாமான் கடை அன்று மூடியிருந்தது. மறுநாள் ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். அதற்குமேல் பிளாஸ்டர் இறுகி, ஒட்டி, தேய்த்துப் பொருத்த முழுப் பகலும் வேண்டும்; சனிக்கிழமை எங்கள் பேருந்து.

"அக்கா, ஏழரைக்கு நாம மேல இருக்கணும்," என்றேன்.

"நீ இருப்ப."

"நாலு மாசத்துக்கு முன்னாடி வாங்கின சீட்டு. பதினோரு வருஷ ஆசை."

"தெரியும்மா. நான்தான ஆசப்பட்டேன்." உடைந்த பாதிகளைக் கைக்குட்டையில் சுற்றியபடி, "கல்லு எங்கயும் போகாது," என்றார்.

காலையில் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தார். பனிமூட்டத்துக்கு நடுவே மலை தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. "வருத்தமா இல்லையாக்கா?" என்று கேட்டேன். "இருக்கு. பின்ன இல்லாம போகுமா," என்று மலையைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு, "எனக்காக அந்த இடுக்குல நகத்த வச்சுப் பாரு," என்றார். பஸ் வளைவு திரும்பும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

நான் மதியத்துக்குமேல் திரும்பி வந்தபோது முற்றத்து வெயிலில் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய பசையைச் சுரண்டி எடுத்து, துண்டுகளைச் சேர்த்து, பிளாஸ்டரில் பதித்து, தூளும் திரவமும் விட்டு ஒட்டி, வெந்நீரில் இறுக வைத்தாயிற்று. திரவத்தின் நெடி வீடு முழுக்க அடித்தது. பல்லக்கா உப்புத்தாளால் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே, "நகம் நுழைஞ்சுதா?" என்று கேட்டார்.

"நுழையல."

"எந்த விரல்ல பாத்த?"

"கட்டை விரல்ல."

"சுண்டு விரல்ல பாக்கலையா?"

பார்க்கவில்லை. அவர் உச்சுக் கொட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினார்.

கைடு பல்செட்டை மாட்டிப் பார்த்தார். "அரிசி சொல்லுங்க. சீசா. பஸ்ஸு," என்றார் பல்லக்கா. எங்கோ குத்தியது. கழற்றினார், தேய்த்தார், மறுபடி மாட்டினார். ஐந்தாறு தடவையாவது இருக்கும். ஒவ்வொரு தடவையும் முகவாயைப் பிடித்து வெயில் பக்கம் திருப்பி, விரலை உள்ளே விட்டு ஓரம் தடவிப் பார்த்தார். கடைசியில் கைடு வாயை மூடி, உள்ளுக்குள்ளேயே நாக்கைச் சுழற்றிப் பார்த்தார். கழுத்துத் துணியை அவிழ்த்து மடியில் வைத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த ஊருக்கு மொத்தம் மூணு வாசல்," என்று ஆரம்பித்தார்.

கனமான, அவசரமில்லாத குரல். அடுப்படியிலிருந்து வீட்டுக்கார அம்மா கையில் கரண்டியோடு வந்தார். அண்ணன் பேசுவதைக் கேட்டதும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, அவர் துடைக்கவில்லை. கைடு வாசலில் தொடங்கி, தண்ணீர்த் தொட்டி, தானியக் கிடங்கு, கல் உடைத்த இடம் என்று ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டு போனார். நான் அன்று காலையில்தான் அவற்றின் நடுவே நடந்துவிட்டு வந்திருந்தேன். இப்போதுதான் பார்த்தேன். தோற்ற அரசன் பேசும் இடம் வந்தபோது ஒரு நொடி நின்றார். கை தன்னால் வாயருகே போனது. "பயப்படாதீங்க. இருக்கும்," என்றார் பல்லக்கா. அரசன் முழுக் குரலில் பேசினான். பல் அசையவில்லை.

பல்லக்கா கதையைக் கேட்டாரா என்று எனக்குச் சந்தேகம். வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குத் திரும்பியதும் கட்டிலில் உட்கார்ந்து, "முப்பத்தொரு வருஷத்துல, நான் கை வச்ச பல்லு பேசறத இன்னிக்குத்தான் கேக்கறேன்," என்றார். மாற்றுடையைத் துவைக்கக்கூட மறந்துவிட்டார்.

மறுநாள் பேருந்து எங்களைக் குளிரிலிருந்து வெக்கைக்கு இறக்கியது. மழைக்காட்டில் ஆற்றங்கரை மரவீடு ஒன்றில் நான்கு நாள் இருந்தோம். எதுவும் காயாது, துவாலையில் சுருட்டி மிதிக்கும் வித்தை அங்கே பலிக்கவில்லை. அட்டைகளுக்குப் பயப்படாதவர், கூரையிலிருந்து பொத்தென்று விழுந்த சின்னத் தவளைக்குப் பயந்து கட்டில்மேல் ஏறி நின்றார். "அது குதிக்குதும்மா, எங்க குதிக்கும்னு சொல்லிட்டா குதிக்குது?" என்றார். போனில் சிக்னல் கிடைப்பது படகுத்துறையின் கடைசிப் பலகையில் மட்டும்தான். அங்கே நின்று வீட்டுக்குப் பேசுவார். அண்ணன் எடுத்து, "இரு, அண்ணிட்ட குடுக்கறேன்," என்பார். கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார் என்பது, அண்ணியின் பேச்சுக்கு நடுவே கேட்கும் இருமலில் தெரிந்துவிடும். அந்த இருமல் கேட்பதற்காகவே பல்லக்கா பேச்சை வளர்ப்பார்.

மூன்றாம் நாள் அதே பலகையில் நின்றிருக்கும்போது கைடின் தங்கையிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. அண்ணன் அன்று காலை வேலைக்குப் போய்விட்டாராம். பின்னால் காற்றின் இரைச்சல், நடுவில் அந்தக் கனமான குரல், அதைச் சுற்றிப் பெரிய கூட்டத்தின் மௌனம். மழை பிடித்துக்கொண்டது. பல்லக்கா நகரவில்லை. போனைத் துப்பட்டாவுக்குள் வைத்துக் காதோடு அழுத்திக்கொண்டு, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

எனக்கு விடுப்பு முடிந்தது. அவருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஆற்றோடு கீழே போகப்போகிறார். மண்சாலையில் என் பஸ் வந்து நின்றது. என் பை அவருடையதைப்போல் இரண்டு மடங்கு கனம். போகும் இடமெல்லாம் ஏதாவது வாங்கிச் சேர்த்திருந்தேன். தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டில் ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம்," என்றார். பிறகு என் பின்னால் வந்து நின்றார். பையின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மெல்ல மேலே தூக்கினார். என் தோள்களிலிருந்து பாரம் முழுவதும் போய்விட்டது. சற்றுநேரம் அவ்வளவு கனத்தையும் தானே தாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். டிரைவர் ஹாரன் அடித்தார். பல்லக்கா கைகளை மெதுவாக, மிக மெதுவாக இறக்கினார்.