ஒரு சாண் கீழே

எங்கள் தீவுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு கண்காட்சி அமைக்கும் வேலை எங்கள் நால்வரிடம் வந்தது. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்திறங்கிய நம்மவர்களின் பழைய புகைப்படங்களை மண்டபச் சுவர்களில் வைக்க வேண்டும். நான் பக்கத்து ஊரான மோகாவில் ஆசிரியை; எங்களில் ஒருவர் வரைபடக்காரர், படங்கள் எந்த உயரத்தில் தொங்க வேண்டும் என்று அவரோடு சேர்ந்து சுவர்களில் கோடு போட்டிருந்தோம். படம் மாட்ட வந்த தச்சரின் பெயரை நாங்கள் யாரும் கேட்கவில்லை. ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. ஒவ்வொரு படத்தையும் சட்டை நுனியால் துடைத்து, அதிலிருந்த முகத்துக்கு "போன்ஸூர்" என்று வணக்கம் சொல்லிவிட்டுத்தான் ஆணியில் மாட்டுவார்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் போய்ப் பார்த்தால், ஒரு சுவரில் மட்டும் நாங்கள் போட்ட கோட்டுக்கு ஒரு சாண் கீழே படங்கள் தொங்கின. எங்கள் வரைபடக்காரர் கத்தித் தீர்த்தார். ஏன் இப்படி என்று நான் தச்சரிடம் கேட்டேன்.

"நீங்க நாலு பேரும் உயரம், மிஸ். எங்க அம்மா குள்ளம். நாளைக்கு வரும். அந்தக் கோட்டுல மாட்டினா அதுக்குக் கண்ணாடிதான் மின்னும், மூஞ்சி தெரியாது."

வரைபடக்காரர் இன்னொரு சுவரின் முன்னால் முழங்காலை மடக்கி அண்ணாந்து பார்த்தார். அத்தனை கூட்டம் போட்டும், யார் பார்க்க வருவார்கள் என்று நாங்கள் ஒருமுறைகூடப் பேசியிருக்கவில்லை. மற்றச் சுவர்களின் படங்களையும் ஐந்து பேருமாக இறக்கி மாட்டினோம்.

மறுநாள் தோட்டத்துப் பெண்கள் அந்த முகங்களை நேருக்கு நேர் பார்த்தார்கள். கோட்டும் டையுமாக வந்த பெரிய மனிதர்களோ, ஒவ்வொரு கூலியின் முன்னாலும் சற்றுக் குனிந்துதான் நின்றார்கள். தச்சர் வாசலருகே கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவை மட்டும் நினைத்துத்தான் அளந்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.