அப்பா அடித்துக்கொண்ட சென்ட்

கள்ளக்குறிச்சியில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் வேலைக்குச் சேரும்வரை எனக்கு எல்லாமே சென்ட்தான். முதலாளிதான் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பாடி ஸ்பிரேயில் வாசனை எண்ணெய் குறைவு, தாராளமாக அடிக்கலாம், சீக்கிரம் போய்விடும். பெர்ஃப்யூமில் எண்ணெய் அதிகம். மணிக்கட்டில் ஒன்று, கழுத்தில் ஒன்று, அவ்வளவுதான். வியர்வைக்கு என்றால் அக்குளில் தடவும் ரோல்-ஆன். ஆஃப்டர் ஷேவ் சவரம் செய்த முகத்துக்கு மட்டும். ஒரே மாதத்தில் இதெல்லாம் பிறக்கும்போதே தெரிந்தவன் மாதிரி பேசத் தொடங்கினேன்.

அப்பா மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர். எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா கல்வராயன் மலையில் வாத்தியார். புறப்படும் காலையில் அப்பா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு நின்றார். வியர்வை வாடை அடித்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, இப்போதும் தெரியவில்லை. பெர்ஃப்யூம் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன்.

"இத்த அடிச்சிக்கினு வாப்பா. அங்க வந்து மானத்த வாங்காத."

"இன்னாடா இது, சென்ட்டா?"

"ஆமா" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டேன்.

சட்டையிலும் துண்டிலும் அரை பாட்டில் அடித்திருந்தார். வேன் வடக்கனந்தல் தாண்டி மலை ஏறியதும் அத்தை வாந்தி எடுத்தாள். "யாருய்யா இது, சென்ட்டுல குளிச்சிட்டு வந்தது?" என்றார் மாமா. வேனே சிரித்தது.

"எங்கப்பாதான். இதெல்லாம் எங்க கண்டாரு அவரு" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். ரோட்டோரக் குழாயில் சட்டையைக் கழற்றி, துண்டோடு சேர்த்து அலசிப் பிழிந்து, ஈரத்தோடு மாட்டிக்கொண்டார். பெண் வீட்டில் நாற்காலி நனையக் கூடாதென்று நுனியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"நனைஞ்சிட்டீங்களா?" என்று வாத்தியார் கேட்டார்.

"வர்ற வழில லேசா தூறிச்சுங்க."

அந்தப் பொய் எனக்காகத்தான். நான் தலையை நிமிர்த்தவில்லை.

சம்பந்தம் முடிவானது. வீட்டுக்குத் திரும்பியதும் அப்பா பாட்டிலைத் துடைத்து என்னிடம் கொடுத்தார்.

"எத்தினி தபா அடிக்கணும்னு சொல்லியிருந்தின்னா, அத்தினிதாம்பா அடிச்சிருப்பேன்."

கடைக்கு வரும் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் நாள் முழுக்க நான் சொல்வது அதைத்தான். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கல்யாணமாகி நான்கு வருடமாகிறது. அப்பாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.