மழைக்கு ஒரு கொட்டகையும் வாயில் வராத வருமானமும்

எங்கள் ஏரிக்கரையில் யாரிடமும் எவ்வளவு மீன் கிடைத்தது என்று கேட்கக் கூடாது. கேட்டாலும் உண்மை வராது. படகு நிறைய இறால் இருக்கும். மேலே ஈரச்சாக்கைப் போட்டு மூடிவிட்டு, "இன்னா கெடக்குது, கொழம்புக்குத்தான்" என்பார்கள். கண்ணு பட்டுவிடுமே என்ற பயம். நானும் அப்படி வளர்ந்தவள்தான். "சாப்டியா" என்று கேட்டால் "ஆச்சு" என்கிறோமே, அந்த மாதிரி ஒரு பதில் அது. பொய் சொல்கிறோம் என்றே தோன்றாது.

நான் செய்வது வலை கட்டித் தரும் காண்ட்ராக்ட். கடையிலிருந்து வெறும் வலையாக வரும். மேல்கயிற்றில் மிதவையும் கீழ்க்கயிற்றில் ஈயக்குண்டும் கோத்துக் கட்டினால்தான் அது மீன் பிடிக்கும். கடைக்காரர்களும் படகுக்காரர்களும் ஒரு வலைக்கு இவ்வளவு என்று என்னிடம் பேசிக்கொள்வார்கள். எங்கள் தெருப் பெண்கள் என்னோடு உட்கார்ந்து கட்டுவார்கள், கூலி நான் கொடுப்பேன். உட்காருவது பூவரச மரத்தடியில். மழை பிடித்தால் வேலை நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் எனக்கும் வரும்படி இல்லை, அவர்களுக்கும் கூலி இல்லை. ஒரு தகரக் கொட்டகை போட்டே தீர வேண்டும் என்று எனக்கு வெறி பிடித்திருந்தது. கொட்டகைக்கு வங்கிக் கடன் வேண்டும், கடனுக்கு வருமான வரிக் கணக்கு வேண்டும் என்றார்கள்.

பொன்னேரியில் ஒரு ஆடிட்டரைப் பிடித்தேன்.

"வருஷத்துக்கு எவ்வளவும்மா வருது?" என்றார்.

"இன்னா சார் வருது, கொழம்புக்குத்தான்."

ரூபாயில் சொல்லச் சொன்னார். வலைக்கடை என் பேங்க் கணக்கில் போட்ட பணம் அவருடைய கம்ப்யூட்டரிலேயே தெரிந்தது, அதை ஒன்றும் செய்வதற்கில்லை. படகுக்காரர்கள் கையில் கொடுத்ததைக் கேட்டபோதுதான் என் நாக்கு சுருண்டுகொண்டது. பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாத ஒருவர் வேறு உட்கார்ந்திருந்தார். அவர் கண் எப்படிப்பட்டதோ, யார் கண்டது? "அதெல்லாம் ஒன்னும் பெருசா இல்ல சார்" என்றேன்.

செலவு என்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. செலவைச் சொன்னால் யார் பொறாமைப்படப் போகிறார்கள்? நூல், கூலி, பசியாவரத்துக்குப் போகிற படகுக்காசு, பஸ், டீ, பன், என் மூக்குக்கண்ணாடி, வலையைக் கடித்த எலிக்கு வைத்த மருந்து வரைக்கும் சொன்னேன். பில் இருக்கிறதா என்று கேட்டார். "டீக்கு எவன் சார் பில்லு குடுப்பான்? வேணும்னா டீக்கடைக்காரர இட்டாரேன்" என்றேன். பாதியை அடித்துவிட்டு மீதியைத்தான் எழுதினார். அப்படியும் வரி ஒரு பைசா இல்லை என்று வந்தது. சந்தோஷத்தில் மறுநாளே அவருக்கு ஒரு கூடை நண்டு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சைவமாம்.

வங்கி அதிகாரி அந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "இந்த வருமானத்துல நீங்க எப்படிம்மா உயிரோட இருக்கீங்க?" என்றார். கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். கடன் மட்டும் கிடையாது என்றார்.

திரும்ப ஆடிட்டரிடம் ஓடினேன். "நெஜத்த சொல்லிட்றேன் சார், கதவ சாத்துங்க" என்றேன். சாத்தினார். சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா? இதுக்கும் வரியே கிடையாதேம்மா! இதையா இப்படி மூடி மூடி வெச்சீங்க?" திருத்திய கணக்கு போட்டுக் கொடுத்தார். வரி அப்போதும் இல்லை, ஆடிட்டர் ஃபீஸ்தான் இரண்டு தடவை போனது.

ஒரே ஆளுக்கு இரண்டு கணக்கைப் பார்த்த வங்கி அதிகாரி, நேரில் வந்து விசாரிக்கிறேன் என்றார். அவர் வந்த அன்று நான் வலை கொடுக்கச் சுண்ணாம்புக்குளம் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் பூவரசமரத்தடியில் அவர் ஃபைலும் கையுமாக நிற்கிறார், சுற்றிலும் எங்கள் பெண்கள். ஃபைலைப் பார்த்ததுமே வரி ஆபீசர் என்று முடிவு கட்டி, என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"அக்காவுக்கு இன்னா சார் வருமானம்? மாசத்துல பாதி நாளு கஞ்சிதான்."

"நாங்கதான் சார் கொழம்பு குடுத்தனுப்புறோம்" என்று ஒருத்தி முந்தானையால் கண்ணையே துடைத்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு வாரம் தவறாமல் குழம்பு அனுப்புகிறவள் நான்!

அதிகாரி பேனாவை மூடினார். "ஊரே இப்படிச் சொல்லுது. நீங்க குடுத்த கணக்கு வேற மாதிரி இருக்கு. எதும்மா நெஜம்?"

காதோடு சொல்லலாம் என்று கிட்டே போனேன், அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். பெண்கள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் கொட்டகை போச்சு. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கூலி, செலவு எல்லாம் போக வருஷத்துக்கு நாலரை லட்சம் நிக்குது சார்!" என்று கத்திவிட்டேன்.

கண்ணைத் திறந்தேன். அதிகாரி அதைக் குறித்துக்கொள்வதற்குள் எங்கள் பெண்கள் மனக்கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒரு வலைக்கு எங்களுக்கு நீ இன்னா குடுக்குற?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கொட்டாயி யாருக்குடி போட்றேன்? மழையில உங்களுக்கும் வேலை வேணும்னுதானே?"

"மழைக்குக் கொட்டாயி சரிக்கா. வெயிலுக்குக் கூலி?"

கண்ணுக்குப் பயந்துதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்குத்தான் பயந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வலைக்கு ஐம்பது ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றேன்.

அதிகாரி மறுபடியும் கவலைப்பட ஆரம்பித்தார். "கூலி ஏறினா உங்க கையில நிக்கறது கொறையுமேம்மா. தவணை ஒழுங்கா கட்டுவீங்களா?"

"அக்கா கட்டும் சார். நாங்க கட்ட வெப்போம்" என்றாள் கூலியைக் கேட்டவள், எனக்கு முன்பாக.

கடன் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. கூலி அன்று சாயங்காலமே ஏறிவிட்டது.