பாதிக் கிணறு

நான் மருமகளாக வந்த வீட்டில் கிணறு பாதிதான். மறுபாதி பக்கத்து வீட்டில். கிணற்று வாய்க்குக் குறுக்கே ஒரு வளைவு கட்டி, அதன்மேல் சுவரை ஏற்றியிருந்தார்கள்.

எங்கள் தெரு வீடுகள் ரயில் பெட்டி மாதிரி நீளமானவை. முன்னால் தறிக்கூடம், நடுவில் வெளிச்சத்துக்கு முற்றம், பின்னால் சமையல்கட்டு, கடைசியில் கிணற்றடி. எங்களுடையதும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒரே அகலமான வீடு. என் கணவரின் தாத்தாவும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் சுவர் வந்தது. முற்றத்துத் தூணைக்கூட அந்தச் சுவர் இரண்டாக்கியது. எங்கள் பக்கம் பாதித் தூண் சுவரில் புதைந்து நிற்கும். பாகப்பிரிவினைச் சண்டையில் பேச்சும் நின்றுபோனது. என் காலத்திலும் தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

வந்த புதிதில் ஒரு காலை நான் வாளியை இறக்கியபோது தண்ணீருக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"கயிறு இழுக்கிறது புதுசா இருக்குதே. மருமவளாம்மா நீ?"

கயிற்றை விட்டுவிட்டேன். சுவருக்கு அந்தப்பக்கம் நிற்பவரின் குரல்தான் கிணற்றுக்குள் இறங்கி என் பக்கம் ஏறுகிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. முறைக்கு அவர் எனக்கு அத்தை. அன்றிலிருந்து காலையில் பேசுவோம். என் இரண்டு பிரசவத்துக்கும் என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்னது அந்தக் குரல்தான். ஆழ்துளைக் கிணறு போட்டு மோட்டார் வைத்த பிறகும், தண்ணீருக்கு அவசியமே இல்லாமல் நான் கிணற்றடிக்குப் போவேன். வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்டதில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் என் அப்பா கால் ஒடிந்து படுத்தார். பார்த்துக்கொள்ளப் பிறந்த ஊரான மாகறல் போய் ஒரு மாதம் தங்கிவிட்டேன். திரும்பி வந்த மறுநாள் காலை பக்கத்து வீட்டில் அழுகைச் சத்தம். தறியில் இருந்த என் கணவர் கையை நிறுத்தினார். "பங்காளி தீட்டு நமக்கும் உண்டு. நீ முன்னால போ, நான் வரேன்" என்றார்.

அந்த வீட்டு வாசற்படியை அன்றுதான் முதன்முதலாகத் தாண்டினேன். எங்கள் வீட்டைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இருந்தது. இடப்பக்கம் இருக்க வேண்டிய தறி வலப்பக்கம். முற்றத்தில் அந்தத் தூணின் மறுபாதி, அதே தாமரைச் செதுக்கலோடு. கூடத்தில் அத்தையைக் கிடத்தியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிட மிகச் சிறியவராக இருந்தார்.

அவர் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். கிணற்றடியில் ஒரு மணைப்பலகை கிடந்தது.

"கடைசி ஒரு மாசமா இங்கயே உக்காந்துக்கினு பேசிக்கினு இருந்தாங்கக்கா. நீங்க பதில் சொல்லிக்கினு இருந்தீங்க, அதனால நாங்களும் உள்ள கூப்பிடல."

நான் ஊரிலேயே இல்லை என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "நானே என் காதால கேட்டேன்கா. சாப்பிட்டியானு கேப்பாங்க. சாப்ட்டேன் அத்தைனு சொல்வீங்க."

பிறகு நாங்கள் இருவரும் கிணற்றை எட்டிப் பார்க்கவில்லை.

அன்று மாலை கணவரிடம் விசாரித்தேன். அந்த மாதம் பின்கட்டுக் கதவையே திறக்கவில்லை, எல்லாம் மோட்டார் தண்ணீர்தான் என்றார். கிணறு என்றால் எதிரொலிக்கும் என்றும் சொன்னார். எதிரொலி, சொன்னதைத்தான் சொல்லும். கேட்டதற்குப் பதில் சொல்லாது.

இரண்டு வீட்டுக்கும் இப்போது பேச்சு உண்டு. ஆனால் பக்கத்து வீடு இல்லை. கார் நிறுத்துமிடத்துக்காக ஒரு பட்டுக்கடை அதை வாங்கி இடித்துவிட்டது. நடுச்சுவரில் பக்கத்து வீட்டார் பூசிய நீலமும் விளக்கு மாடமும் வெயிலில் தெரிகின்றன. அந்தப் பக்கத்துப் பாதிக் கிணற்றைக் காங்கிரீட் போட்டு மூடினார்கள். நம்முடையதையும் மூடிவிடலாமா என்று மேஸ்திரி கேட்டார். நான் வேண்டாம் என்றேன்; கம்பி வலை மட்டும் போட்டார்.

காலையில் அங்கே போய் நிற்கிறேன். முதலில் நான் பேசுவதில்லை.