பிரிட்ஜின் முதுகு

சாரல் காலத்தில் குற்றாலத்தில் துணி துவைக்கலாம், காயவைக்க முடியாது. அறுபதுகளில் நாங்கள் ஐந்தருவி போகும் சாலையில் குடியிருந்தோம். என் மகனுக்கு மூன்று மாதம். ஒரு நாளைக்கு இருபது துணி நனைப்பான். ஈரத்தில் கிடந்து ஒருமுறை நெஞ்சில் சளி கட்டிவிட்டது. நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து என் கணவர் ஒரு பங்களா ஏலத்தில் பழைய பிரிட்ஜ் ஒன்றை எடுத்துவந்தார். பல் கிட்டுகிற குளிரில் ஐஸ் பெட்டி! வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஐஸ் தண்ணீர் கொடுத்துத் தும்ம வைத்தார். நான் கண்டுபிடித்தது வேறு. அதன் முதுகில் இருந்த கறுப்புக் கம்பி வலை எந்நேரமும் கதகதவென்றிருந்தது. அவர் தென்காசிக்கு, தன் ஜவுளிக்கடைக்குக் கிளம்பியதும் பிள்ளைத் துணிகளை அதன்மேல் போர்த்திவிடுவேன்; திரும்புமுன் எடுத்துவிடுவேன். பார்த்தால் வீடு இரண்டாகும்.

ஆடியில் பிரிட்ஜ் மூச்சை நிறுத்தியது. திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் வந்து தட்டிப் பார்த்தார்.

"கம்ப்ரெஸர் போயிட்டு அண்ணாச்சி. புதுசு மாத்த முந்நூறு ரூவா ஆகும்."

பெட்டியே இருநூறுக்குத்தான் வந்தது. என் கணவர் முகம் தொங்கிவிட்டது. "முந்நூறா! ஒரு பசுமாடு வாங்கலாமேவே!"

"மாடு ஐஸ் தராதே அண்ணாச்சி. பின்னால யாரோ துணியப் போட்டு மூடியிருக்காவ. சூடு வெளிய போகாம உள்ளுக்குள்ளயே வெந்துட்டு."

முந்நூறு ரூபாய் நஷ்டத்துக்கு நான்தான் காரணம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இவர் முந்திக்கொண்டார்.

"சேச்சே! எங்க வீட்ல யாரு துணி போடுதா? எல்லாம் கரெண்டு கூடிக் குறையுதுல்லா, அதான்."

என் மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

மெக்கானிக் கம்பி வலைக்குப் பின்னால் கையை விட்டு, பழுப்பேறிச் சுருண்டுகிடந்த எதையோ உருவினார். அகப்பட்டேன் என்றுதான் நினைத்தேன். அவர் உதறி விரித்துக் காட்டியபோது அது பிள்ளைத் துணி இல்லை. கை வைத்த பெரிய பனியன். நான் பகலில் செய்ததை இவர் ராத்திரியில் செய்திருக்கிறார்.

ஒரு ரூபாய்க்கும் பேரம் பேசுகிற மனிதர், உள்ளே போய் முந்நூறையும் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒரு சாண் தள்ளிக் கொடி கட்டுனா கெட்டுப்போகாதுல்லா?"

"கெடாது அண்ணாச்சி."

நான் கதவோரம் நின்று சொன்னேன்: "ரெண்டு கொடியாக் கட்டுங்க. பிள்ளைத் துணிக்கும் வேணும்."