காதைத் தொட்டால்தான் பள்ளிக்கூடம்

1961ஆம் ஆண்டு தை மாதம் நடந்தது இது. தலவாக்கலைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து எடுக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இல்லை.

என் மூத்த மகளைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன நாள் அது. அவளைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அவள் வயிற்றில் இருந்தபோதுதான் அந்தச் சூரிய கிரகணம் வந்தது. காலை நேரத்திலேயே மலை இருண்டுபோய்க் கோழிகள் எல்லாம் கூட்டுக்கு ஓடின. வயிற்றுப் பிள்ளைக்காரி வெளியே தலைகாட்டக் கூடாது என்று எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்னை வீட்டுக்குள் போட்டுப் பூட்டாத குறை. நானா கேட்பேன்? பட்டப்பகலில் இருட்டுவது தினமுமா நடக்கிறது? கதவைத் திறந்துகொண்டு வாசலில் நின்று நன்றாகப் பார்த்தேன்.

மகள் பிறந்து ஆறேழு மாதம் இருக்கும். நாங்கள் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் போவோம். அங்கே பார்த்துக்கொள்கிற ஆயாம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். "எதக் குடுத்தாலும் எடக்கையாலதான் வாங்குறா. வலக்கைய மூடுனது மூடுனபடியே வச்சிருக்கா, பாத்தியா?" என்றார். பிறகு பார்த்தால் வலது காலும் இழுத்தது. மற்றப் பிள்ளைகள் ஓடுகிற வயதில் இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவ்வளவுதான். கிரகணம் பிடித்த பிள்ளை என்று லயமே முடிவுகட்டிவிட்டது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் நான் குடத்தை வைத்தால் அதுவரை நடந்த பேச்சு நின்றுவிடும். அதை நான் தூசியாகத் தட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் மட்டும் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் எனக்கு வலித்தது.

தோட்டத்து மருந்துக்காரர் சீட்டுக் கொடுக்க, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு லேடி டாக்டர், சிங்களத்தவர், தமிழ் நன்றாகப் பேசினார். பிள்ளையை மேசையில் உட்காரவைத்து, கையையும் காலையும் மெதுவாக நீட்டி மடக்கிப் பார்த்தார்.

"வயசானவங்களுக்குப் பக்கவாதம் வருதில்லையா? அது இவளுக்கு ஒங்க வயித்துக்குள்ள இருக்கிறப்பவே வந்திருக்கு" என்றார்.

நான் வெட்கத்தை விட்டுக் கிரகணத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் கூப்பிட்டார். "மூளைக்கு ரத்தம் போற எடத்துல அடைச்சிருக்கும். அம்மா செஞ்ச எதனாலயும் வந்ததில்ல" என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரிய வியாதியின் பெயரைக் கேட்டு நிம்மதியில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கிளம்பும்போது, "அந்தக் கைய அவ மறந்துடாம பாத்துக்கங்க" என்றார் டாக்டர். அவர் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைக்கு லீவே கிடையாது. ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஓர் உருண்டையை அவள் முன்னால் வைத்து, மூடிய விரல்களைப் பிரித்துவிட்டு, "தட்டு" என்பேன். இடது கையை மேலே வைத்து அழுத்தித் தட்டுவாள். ரொட்டி ஏதோ ஒரு வடிவத்தில் வரும். அவள் அப்பா அதைத்தான் முதலில் எடுத்துச் சாப்பிடுவார். எனக்கு அந்த மனுசன் மேல் இருந்த கோபமெல்லாம் அப்படித்தான் கரைந்தது.

ஆனாலும் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும். ஏற்றம் ஏற நல்ல கால் வேண்டும். இவளுக்கு மலை சரிப்படாது. இவள் பிழைக்க வேண்டுமென்றால் படிப்புதான். அதனால்தான் அந்தத் தை மாதத்தை அவ்வளவு எதிர்பார்த்திருந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு அந்த வருஷம் புது மாஸ்டர் வந்திருந்தார். பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த சீட்டே கிடையாது. எனவே எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் செய்வதுபோல வலது கையைத் தலைக்கு மேலால் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டால் வயது வந்துவிட்டது, பெயர் எழுதுவார். தொடாவிட்டால் அடுத்த வருஷம் வர வேண்டும். முன்னால் நின்ற பிள்ளைகள் டக் டக்கென்று தொட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள்.

மகளின் மூடிய வலது கையைப் பார்த்தேன். மலையில் வேலை, வீட்டில் வேலை என்று ஓடியதில் இந்தக் காது விஷயம் எனக்கு நினைவுக்கே வரவில்லை.

என் மகளின் முறை வந்தது. இடது கையைத் தூக்கி வலது காதைச் சுலபமாகத் தொட்டாள்.

"அந்தக் கை வேணாம்மா. சோத்துக் கையால தொடு" என்றார் மாஸ்டர்.

அவள் அசையாமல் நின்றாள். மாஸ்டர் ஆளைப் பார்த்தார். அவள் கொஞ்சம் சின்ன உருவம்தான். "வயசு பத்தாதும்மா. அடுத்த வருசம் கூட்டிட்டு வாங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்த்தார்.

பின்னால் யாரோ, "நொண்டிப் புள்ளைக்கு எதுக்குப் பள்ளிக்கூடம்" என்று முணுமுணுத்தார்கள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. மாஸ்டரிடம் பக்கவாதத்தைச் சொல்வதா, பின்னால் திரும்பி நாலு கேள்வி கேட்பதா என்று தெரியாமல் சேலையை இடுப்பில் செருகினேன். நான் சேலையைச் செருகினால் என்ன நடக்கும் என்று லயத்துக்கே தெரியும்.

அதற்குள் மகள், "மாஸ்டர், கொஞ்சம் இருங்க" என்றாள்.

இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்தாள். தூக்கித் தலைமேல் வைத்தாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி தூக்கினாள். இந்தத் தடவை தலையைச் சாய்த்துக் கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்து, இடது காதின் மேல் கொண்டுபோய் வைத்தாள். கம்மல் இல்லாத சின்னக் காது. சுட்டுவிரல் அதைத் தொட்டது.

"தொட்டுட்டேன்" என்றாள்.

மாஸ்டர் அவள் பக்கத்தில் வந்தார். பிறகு என்னைப் பார்த்து, "கையில என்னம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார். சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றவர், அவளிடம் குனிந்து, "ஒம் பேரு என்னம்மா?" என்றார். மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

செருகிய சேலையை நான் மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில், "மாஸ்டரு அப்பிடிச் சொன்னதுக்கு ஒனக்கு அழுகை வரலியா?" என்று கேட்டேன்.

"ஏன்? தொடத்தானே சொன்னாரு" என்றாள்.

இப்போது அவள் நான்காம் வகுப்பு. இடது கையால் எழுதுகிறாள், வலது கை தாளை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தக் கை முழுதாகக் குணமாகவில்லை, ஆகாது என்றும் தெரியும். எனக்கு அதில் கவலை குறைந்துவிட்டது. அவளுக்காக ஊரோடு சண்டை போடுவதுதான் அவளை வளர்ப்பது என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வரும்போது, அவள் ஏதாவது வழி வைத்திருப்பாள் என்று நம்பிக் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.