ஒன்பது நிமிட பீட்சா

நார்பெர்ட்டோ ஃபுர்த்தாடோ கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் பதினெட்டு வருடம் ரொட்டி சுட்டவர். போர்ச்சுகீசியர் வாழும் தெருக்களில் அவருடைய ரொட்டிக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்த ரொட்டிக்கடை மூடப்பட்ட பிறகு, 1979இல், வாரன் ஹாட்லி திறந்த விளையாட்டு உணவகத்தில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தார்.

ஹாட்லி, திரையில் வெளிச்சப் புள்ளிகளை ஓடவிடும் வீடியோ விளையாட்டுகளைச் செய்து விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். பத்திரிகைகள் அவரைத் தீர்க்கதரிசி என்றன. அந்தத் தீர்க்கதரிசனத்தின் உச்சம், மேடையில் பாட்டுப் பாடும் ஓர் இயந்திரக் கரடி. அதைச் சுற்றிலும் காசு கொடுத்து வாங்கிய வில்லையைப் போட்டு ஆடும் விளையாட்டுப் பெட்டிகள். குடும்பங்களை உள்ளே இழுக்க பீட்சா.

பீட்சா வேக ஒன்பது நிமிடம் போதும். ஆனால் இருபத்தைந்து நிமிடத்துக்கு முன்னால் யாருடைய வரிசை எண்ணையும், பீட்சா தயார் என்று காட்டும் பலகையில் ஏற்றக் கூடாது என்பது ஹாட்லியின் சட்டம். காத்திருக்கும் பிள்ளைகள் சும்மா உட்காருமா? பெட்டிகளைத் தேடி ஓடும். அதுவரை பீட்சா சூட்டு விளக்கடியில் காய்ந்து கிடந்து தோலாகும். இந்த ரகசியத்தை வாடிக்கையாளரிடம் சொன்னால் வேலை போய்விடும்.

பழம் டப்பாவில் அடைக்கும் ஆலையில் வேலை பார்க்கும் கிராசியெலா ஒருநாள் தட்டோடு வந்து நின்றாள்.

"இது பீட்சாவா, செருப்பா? உன் ரொட்டிக்காக விடியக்காலைல வரிசைல நின்னவ நான். கை மறந்துபோச்சா, நார்பெர்ட்டோ?"

மேலாளர் கீத் பக்கத்திலேயே நின்றான். நார்பெர்ட்டோ தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடம் சேர்த்த பெயர் அந்தத் தட்டில் விறைத்துக் கிடந்தது.

அடுத்த சனிக்கிழமை ஹாட்லி பத்திரிகைக்காரர்களோடு வருவதாக இருந்தது.

"இன்னைக்குக் கடிகாரத்த மட்டும் பாரு" என்று அன்று கடை திறந்ததும் கீத் சொன்னான்.

"கடிகாரம் பாக்க நான் எதுக்கு? அந்தக் கரடிய உக்கார வைக்கலாமே."

கீத் வரவேற்க வாசலுக்குப் போனதும், நார்பெர்ட்டோ ஒவ்வொரு பீட்சாவையும் ஒன்பதாவது நிமிடத்தில் எடுத்தார். உடனே எண்ணையும் பலகையில் ஏற்றினார். பிள்ளைகள் மேசைக்கு ஓடினார்கள். பெட்டிகள் ஆளில்லாமல் கண்சிமிட்டின. கரடி தனக்குத்தானே பாடிக்கொண்டிருந்தது.

ஹாட்லி பத்திரிகைக்காரர்களைக் கூடத்தில் விட்டுவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார். பின்னாலேயே கீத்.

"ஏன் இப்படி அமைதியா இருக்கு? பெட்டியெல்லாம் கெட்டுப்போச்சா?"

"இல்ல மிஸ்டர் ஹாட்லி. எல்லாரும் சாப்பிடறாங்க."

ஹாட்லி ஒரு துண்டு தின்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

"பிரமாதம்" என்றவர், கீத் பக்கம் திரும்பினார். "அடுப்புச் சூட்டக் குறைச்சு, சூடு கூட்டற திருகுக்கு ஒரு பூட்டுப் போடு. வேகறதுக்கே இருபத்தஞ்சு நிமிஷம் ஆகட்டும்."

உலகம் கொண்டாடிய மூளை அன்று கண்டுபிடித்தது ஒரு பூட்டு.

"அந்தச் சூட்டுல மாவு வேகாது. பச்சை மாவ என் பேர்ல குடுக்காதீங்க" என்றார் நார்பெர்ட்டோ.

"உன் பேரு என்ன?"

ஹாட்லி கேலி செய்யவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அதுதான் கேவலம்.

நார்பெர்ட்டோ மேலங்கியைக் கழற்றி அடுப்புத் திருகின் மேல் தொங்கவிட்டுக் கூடத்துக்கு வந்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்கே அவர் உட்கார்ந்ததில்லை. அன்றும் சாப்பிட வந்திருந்த கிராசியெலா நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆவி பறக்கும் ஒரு துண்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"கை மறக்கல போலிருக்கே."

"மறக்கல. கட்டிப் போட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டு, சூடு ஆறுவதற்குள் சாப்பிடத் தொடங்கினார்.